ஏழாம் ஒட்டும் ஏசி அறையும்

நீர் யார், எந்த ஊர், உமக்குக் கலியாணம் ஆகிவிட்டதா என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. ஆகியிருக்காது என்றுதான் படுகிறது. ஆகியிருந்தால் அப்படியொரு கணினிக் கட்டளையை எழுதிவிட்டு நிம்மதியாக நித்திரைக்குப் போயிருக்க மாட்டீர். கேட்டதற்குப் பாதிப் பதில் சொல்லி, மற்றப் பாதியை விழுங்கிவிட்டு, அப்பாவி மாதிரி மினுங்கிக்கொண்டு நிற்கிற கட்டளை. நீர் எங்கேயோ ஒரு மேசையில் இருந்து அதைத் தட்டினீர். இங்கே கொக்குவிலில் தேவராசா என்ற மனிதர் தன் சொந்த வீட்டு விறாந்தையில் மேசைவிசிறியோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார். இது நியாயமா?

தேவராசா லேசுப்பட்ட ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தை இடப்பெயர்வில் விட்டவர், படிப்பைச் சந்தையில் முடித்தவர். தெருவோரம் சைக்கிள் ரியூப் ஒட்டினார். பிறகு ரேடியோ திருத்தினார். பிறகு ரீவி. பிறகு கணினி. ஒன்றையும் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பொருளைப் பிழைவிட்டுப் பிழைவிட்டுக் கழற்றிப் பூட்டித் தானே கற்றுக்கொண்டார். பேரம் பேசுவதில் அவரை வெல்ல வலிகாமத்தில் ஆள் இல்லை. மருதனார்மடம் சந்தையில் அவர் தலை தெரிந்தால் வியாபாரிகள் கத்தரிக்காய்க்கு மேல் சாக்கை இழுத்து மூடுவார்கள். அவர் சாக்குக்கு விலை கேட்பார்.

அவருடைய சர்வர் மிசினும் அப்படி வந்ததுதான். ஏதோ ஒரு கந்தோரின் பழைய கணினிச் சாமான் ஏலத்தில் எடுத்தது. சுற்றுவட்டாரத்துப் பலசரக்குக் கடைகளின் பில் எல்லாம் அதற்குள்தான் ஓடுகிறது. வீட்டில் ஏசி பூட்டிய அறை ஒன்றே ஒன்று. அந்த அறையை மிசின் எடுத்துக்கொண்டது. வீட்டுக்காரர் விசிறியில் படுத்தார்கள்.

ஆயத்தமாகக் கட்டி வருகிற இயங்குதளத்தைத் தேவராசா கையால் தொடமாட்டார். மூலநிரலை இறக்கி, தன் மிசினிலேயே தொகுத்து, தன் கண் முன்னால்தான் ஏற்றுவார். ஏன் என்று கேட்டால் குசினி மிளகாய்த்தூளைக் காட்டுவார்.

“பக்கெற்றிலை வாற தூளுக்குள்ளை என்ன கலந்திருக்கெண்டு ஆருக்குத் தெரியும்? செத்தல் வாங்கி, மல்லி வாங்கி, எங்கடை சட்டியிலை வறுத்து, எங்கடை கண்ணுக்கு முன்னாலை இடிச்சால்தான் அது தூள்.”

இதைச் சொல்பவர் வாழ்நாளில் ஒரு மிளகாயை வறுத்ததில்லை. வறுப்பது அவருடைய மனைவி இராசமலர். தும்முவதும் இராசமலர்.

இந்த இயங்குதளத்தில் எங்கேயாவது ஓட்டை கண்டால், அதைச் செய்தவர்கள் ஓர் ஒட்டு வெளியிடுவார்கள். சைக்கிள் ரியூப் மாதிரித்தான். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஓர் எண். தேவராசாவின் மிசின் ஐந்தாம் ஒட்டில் நின்றது. வெளியே ஏழாம் ஒட்டு வந்து வாசலில் கிடந்தது. இன்றைக்கு ஏற்றுவேன், நாளைக்கு ஏற்றுவேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

இராசமலர் கேக் செய்கிறவர். சாதாரண கேக் இல்லை. தட்டுக்கு மேல் தட்டு வைத்து, பட்டர் ஐசிங்கில் பூவும் கொடியும் விடுகிற கேக். ஆனால் வைகாசி வெயிலுக்கு யாழ்ப்பாணத்தில் பட்டர் ஒரு இடத்தில் நிற்குமா? ரோசாப்பூவாகத் தொடங்கியது சேனைக்கிழங்காக முடியும். கடைசியாக இணுவிலில் ஒரு கலியாணத்துக்குக் கொடுத்த கேக், மாப்பிள்ளை கத்தியை எடுக்க முன்னமே, மேல்தட்டு இறங்கிவந்து கீழ்த்தட்டோடு சமாதானமாகிவிட்டது. அதற்குப் பிறகு ஓடர் குறைந்தது. இப்போது பக்கத்து வளவிலிருந்து ஒன்று வந்திருக்கிறது. ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர் கனகரத்தினத்தாரின் பேத்தி நிவேதனா பெரியபிள்ளையாகிவிட்டாள்; ஞாயிற்றுக்கிழமை சாமத்தியவீடு. நாலு தட்டுக் கேக். உச்சியில் தோகை விரித்த மயில். பருத்தித்துறையிலிருந்துகூடச் சனம் வரும். மயில் நின்றால் இராசமலரின் தொழில் நிற்கும். மயில் சரிந்தால் இனி அவருக்கு வீட்டில் ரஸ்க் சுடுகிற வேலைதான்.

திங்கட்கிழமை காலை இராசமலர் கதையைத் தொடங்கினார்.

“இஞ்சருங்கோ, உந்த அறை எனக்கு வேணும்.”

“எந்த அறை?”

“ஏசி பூட்டின அறை எத்தினை வைச்சிருக்கிறியள்?”

“அது மிசின்ரை அறை.”

“மிசின் சாமத்தியப்பட்டிட்டுதோ, தனி அறையிலை இருத்தி வைச்சிருக்கிறியள்?”

“விசர்க்கதை கதையாதையும். மிசின் சூடு தாங்காது.”

“பட்டர் தாங்குமோ?”

“பட்டர் உருகினால் கேக் போகும். மிசின் நிண்டால் கடையள் நிக்கும்.”

“போன பங்குனி ஏசி பழுதாய்க் கிடக்கேக்கை ரெண்டு விசிறியோடை விறாந்தையிலைதானே நிண்டது. எந்தக் கடை நிண்டது?”

தேவராசா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். பதில் இல்லாத இடத்தில் அவருக்குக் கோபம் வரும். அது பழக்கம்.

“இப்ப அதை அசைக்கேலாது. ஏழாம் ஒட்டு ஏத்துற வேலை கிடக்கு. ஏத்தாமல் விட்டால் ஓட்டைக்குள்ளாலை எவனாவது பூந்திடுவான்.”

“அது எப்ப தொடக்கம் கிடக்கிற வேலை. நீங்கள் ஏத்தமாட்டியள்.”

“ஆர் சொன்னது? வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறதுக்குள்ளை ஏழு நிக்கும்.”

“நிக்காட்டி?”

“நிக்காட்டி அறையை நீர் எடும்.”

“நிண்டால்?”

“நிண்டால் அந்த அறையின்ரை பேச்சை இனி எடுக்கப்படாது. எப்பவும்.”

“சரி.”

அவ்வளவுதான். ஒரு பேரம் இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. இப்படிச் சட்டென்று சம்மதிக்கிற வியாபாரியைச் சந்தையில் கண்டால் தேவராசா சாமானைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார், மணந்து பார்ப்பார், பக்கத்துக் கடைக்காரனை விசாரிப்பார். வீட்டில் அது ஒன்றையும் செய்யவில்லை.

“ஏழு ஏறினதெண்டு எனக்கு எப்பிடி விளங்கும்?” என்று இராசமலர் கேட்டார். “பரவாயில்லை, நீங்கள் சொன்னால் நான் நம்புறன்.”

“என்ரை வாய் வேண்டாம். பிறகு நான் சுத்தினதெண்டு சொல்லுவீர். மிசினையே கேப்பம். நான் எப்பவும் தட்டுற கட்டளை ஒண்டு இருக்கெல்லோ? இப்ப அஞ்சு எண்டு காட்டுது. அந்த இடத்திலை ஏழு காட்டோணும். காட்டாட்டி என்ரை கையாலையே மிசினைத் தூக்கி விறாந்தையிலை வைப்பன்.”

“அந்தக் கட்டளைதான். பிறகு மாத்திறேல்லை.”

“தேவராசா பேச்சு மாத்தினதாய் ஊரிலை ஒருத்தரும் சொல்லேலாது.”

“சாட்சிக்கு?”

தேவராசா சுற்றிப் பார்த்தார். மதிலுக்கு மேலால் ஒரு நரைத்த தலை செவ்வரத்தம் பூ ஆய்ந்துகொண்டிருந்தது.

“மாஸ்ரர் வரட்டும். நேர்மையான மனுசன்.”

இராசமலர் அதற்கும் சரி என்றார். கேக் யாருடைய வீட்டுக்கு என்பது அந்த நேரம் தேவராசாவின் மண்டையில் ஏறவில்லை. கோபத்தில் நின்றவருக்கு மதில் தெரிந்தது. மதிலுக்கு அங்காலே பந்தல் போடக் கொண்டுவந்து அடுக்கியிருந்த தடிகள் தெரியவில்லை.

வியாழக்கிழமை தேவராசா அறைக்குள் பூந்தார். மூலநிரல் வந்து இறங்கியது. தொகுக்கும்படி கட்டளை கொடுத்தார். மிசின் மூச்சு வாங்கியது. அதன் விசிறிகள் கொழும்பு ரயில் ஸ்ரேசனுக்குள் நுழைகிற மாதிரி இரைந்தன. ஏசி ஒருபக்கம் குளிரை விட, மிசின் மறுபக்கம் சூட்டைக் கக்க, நடுவில் தேவராசா ஒரு கதிரையில் இருந்து திரையில் ஓடுகிற எழுத்துகளை ஒரு தோட்டக்காரன் வாய்க்கால் தண்ணீரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இராசமலர் பிளேன்ரீயோடு வந்தார். கேளாமல் வந்த பிளேன்ரீ. கடிக்கப் பனங்கட்டியும் இருந்தது.

“என்ன செய்யுது?”

“கட்டுது. முதல்லை உலகத்தைக் கட்டும். பிறகு கேர்னலைக் கட்டும்.”

“உலகத்தையோ?”

“அப்பிடித்தான் அதுக்குப் பேர். கேர்னல் எண்டால் நடுவிலை இருக்கிற பருப்பு. மிசினை ஆளுறது அதுதான். சுத்தியிருக்கிற மற்றச் சாமான் முழுக்க உலகம்.”

“அப்ப உந்த ஆறாம் ஒட்டும் ஏழாம் ஒட்டும் எதிலை ஒட்டுறது? உலகத்திலையோ, பருப்பிலையோ?”

தேவராசா அறிவித்தலைத் தேடி வாசித்தார். “ரெண்டும் உலகத்திலைதான். பருப்பிலை ஓட்டை இல்லை.”

“பிறகேன் பருப்பைத் திருப்பிக் கட்டுறியள்?”

“எப்பவும் கட்டுறனான்.”

“ஏன்?”

தேவராசா வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் பனங்கட்டிதான் இருந்தது, காரணம் இருக்கவில்லை. எப்போதும் இரண்டையும் சேர்த்துத்தான் கட்டுவார். எப்போது தொடங்கினார், எதற்காகத் தொடங்கினார்? பழக்கம் இருந்தது. காரணம் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது.

“நான் சும்மா கேட்டனான்,” என்றார் இராசமலர், வெறுங்கோப்பையை எடுத்துக்கொண்டு. “நீங்கள் ரியூப் ஒட்டின மனுசன். ஓட்டை இல்லாத ரியூப்பைக் கழட்டி ஒட்டுவியளே? கேர்னலை மாத்தினால் மிசினை நிப்பாட்டி எழுப்பவும் வேணுமெண்டு சொல்லுறனீங்கள். கடைக்காரர் போன் எடுத்துக் கத்துவினம். கறண்டும் வீண்.”

தேவராசாவுக்குள் இருந்த வியாபாரி நிமிர்ந்து உட்கார்ந்தான். பாதி வேலைக்கு முழு ஒட்டு. இப்படி ஒரு கழிவு எந்தச் சந்தையிலும் கிடைக்காது. இவ்வளவு காலமும் தேவையில்லாமல் பருப்பையும் சேர்த்து இடித்திருக்கிறோமே என்று மனதுக்குள் நட்டக்கணக்குப் பார்த்தார்.

“அதுவும் சரிதான். கேர்னலை விடுவம்.”

“உங்கடை விருப்பம்.”

“பரவாயில்லை, உமக்கும் இப்ப கொஞ்சம் விளங்குது.”

“உங்களோடை இருந்து விளங்காமல் போகுமே,” என்று சொல்லிவிட்டு இராசமலர் குசினிக்குப் போனார்.

உலகம் கட்டி முடிந்தது. ஏற்றி முடிந்தது. பிழை என்று மிசின் ஒரு வரிகூட எழுதவில்லை. தேவராசா அந்தக் கட்டளையைத் தட்டிப் பார்க்கத்தான் கையை நீட்டினார். குசினியிலிருந்து குரல் வந்தது.

“இப்பவே பாத்தால் நாளைக்கு என்ன ருசி இருக்கு? மாஸ்ரருக்கு முன்னாலை தட்டுங்கோ. அவர் ஏழெண்டு வாசிக்கேக்கை உங்கடை முகத்தை நான் பாக்கோணும்.”

அதிலும் நியாயம் இருந்தது. ஏறிவிட்டது என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததை ஆள் இல்லாத அறையில் தட்டி வீணாக்குவானேன்? தேவராசா கையை மடக்கிக்கொண்டு முகம் கழுவப் போனார்.

வெள்ளிக்கிழமை மாலை கனகரத்தினத்தார் வெள்ளை வேட்டியும் மூக்குக்கண்ணாடியுமாக வந்தார். அறைக்குள் போட்ட கதிரையில் இருந்து, ஏசியைப் பார்த்து, “நல்ல குளிர்,” என்றார். இராசமலர் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். கையில் ஐசிங் பட்டிருந்தது.

“மாஸ்ரர், வடிவாய்ப் பாருங்கோ. இஞ்சை கடைசியிலை ஒரு நம்பர் வரும். அது ஏழெண்டால் நான் வெண்டன்.”

“ஏழில்லாட்டி?”

“அந்தக் கதைக்கே இடமில்லை.”

தேவராசா கட்டளையைத் தட்டினார். மாஸ்ரர் வாசிக்கிறதற்கு வசதியாகத் தன் கதிரையை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டார். கைகளைக் கட்டிக்கொண்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

“அஞ்சு,” என்றார் கனகரத்தினத்தார்.

“கண்ணாடியைத் துடைச்சுப்போட்டுப் பாருங்கோ மாஸ்ரர்.”

துடைத்தார். “இப்ப வடிவாய்த் தெரியுது. அஞ்சு.”

தேவராசா திரும்பினார். ஐந்துதான். மறுபடி தட்டினார். ஐந்து. விசைகள் கழன்று விழுகிற மாதிரித் தட்டினார். மிசின் கோபப்படவில்லை. மரியாதையாக, கேட்ட ஒவ்வொரு முறையும், ஐந்து என்றது.

“ஏறினது. நேற்று என்ரை கண்ணுக்கு முன்னாலை ஏறினது. பொறுங்கோ, வேறை ஒரு கட்டளை இருக்கு.” அவசரமாக இன்னொன்றைத் தட்டினார். “இந்தா. இதைப் பாருங்கோ. ஏழு.”

கனகரத்தினத்தார் பார்த்தார். “ஓம், இது ஏழு.”

“அப்ப நான் வெண்டன்.”

“பொறும் தம்பி. பிள்ளை, எந்தக் கட்டளை எண்டு பேசினது?”

“அவர் எப்பவும் தட்டுற கட்டளை, அண்ணை,” என்றார் இராசமலர். “அவர்தான் சொன்னவர். நான் அவரின்ரை வாயை நம்புறன் எண்டுதான் சொன்னனான். அவர்தான் வேண்டாமெண்டவர்.”

“முதல் தட்டினது அதுதானே?”

“அதுதான்.”

“தம்பி, நான் ஸ்ரேசனிலை இருந்த ஆள். எந்தப் பாதையிலை வரும் எண்டு சொன்னமோ அந்தப் பாதையிலை வந்து நிக்கிறதுதான் எங்களுக்கு ரயில். மற்றப் பாதையிலை நிக்கிறது வேறை ரயில்.”

“மாஸ்ரர், உங்களுக்கு விளங்கேல்லை. ரெண்டும் ஒரே மிசின். முதல் கட்டளை உலகத்தைப் பாக்காது. கேர்னலின்ரை நம்பரை மட்டும்தான் சொல்லும். கேர்னலைத் திருப்பிக் கட்டாட்டி அது எப்பிடி மாறும்?”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்குக் கேட்டது. தேவராசா மெதுவாகத் திரும்பி இராசமலரைப் பார்த்தார்.

“உமக்கு இது தெரியும்.”

“ஓம்.”

“எப்பிடி?”

“நீங்கள்தான் சொன்னனீங்கள். முந்தி ஒருக்கால் உப்பிடித்தான் நம்பர் மாறேல்லை. அண்டைக்கு இடியப்பம். ஒவ்வொரு இடியப்பத்துக்கும் ஒருக்கால் திட்டினியள், உந்தக் கட்டளையை எழுதினவனை. அவன்ரை பரம்பரையையே விடேல்லை. பிறகு சொதியைக் குடிச்சுப்போட்டு, இனி நம்பர் மாறுறதுக்காகவேனும் கேர்னலையும் சேத்துக் கட்டுவன் எண்டியள். நீங்கள் திட்டி முடிச்சு மறந்திட்டியள். எனக்கு இடியப்பம் ஆறிப்போன கவலை, அதாலை ஞாபகம்.”

தேவராசா கதிரையில் இருந்தார். பிறகு, இருபது வருசச் சந்தை அனுபவத்தையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, கடைசிப் பேரத்தைத் தொடங்கினார்.

“ஒரு மணித்தியாலம் தாரும். கேர்னலைக் கட்டிக் காட்டுறன்.”

“விளக்கு வைச்சாச்சு.”

“அரை மணித்தியாலம்.”

“சாமி அறையைப் பாருங்கோ, திரியும் தூண்டியாச்சு.”

“மாஸ்ரர், நீங்களாவது ஒரு ஞாயம் சொல்லுங்கோ.”

கனகரத்தினத்தார் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். “ஞாயம் சொல்லியாச்சு, தம்பி. அஞ்சு அஞ்சுதான். மிசினைத் தூக்க ஒரு கை தரட்டே? ஞாயிற்றுக்கிழமைக்கு மயில் காயவேணுமெல்லோ.”

“என்ன மயில்?”

“எங்கடை நிவேதனாவின்ரை கேக்கிலை நிக்கிற மயில்.”

அப்போதுதான் தேவராசாவுக்கு மதிலுக்கு அங்காலே இருந்த பந்தல் தெரிந்தது. நேர்மையான மனுசன் அதற்குள் மிசினின் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டார். மற்றப் பக்கத்தைத் தேவராசா பிடித்தார். வேறு வழி இருக்கவில்லை; பேச்சு மாற்றினதாக ஊரில் ஒருத்தரும் சொல்லக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மயில் நின்றது. நாலு தட்டுக்கும் மேலே, தோகையில் ஒரு கண்கூடக் கலங்காமல், வீடியோக்காரன் களைத்துப் போகிற வரைக்கும் நின்றது. பருத்தித்துறைக்காரர் இரண்டு பேர் அங்கேயே ஓடர் கொடுத்தார்கள். ஒருவர் ஏழு தட்டுக் கேட்டார். தேவராசா ஒரு துண்டு கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு, ஏழு என்ற சொல்லைக் கேட்டு, சாப்பிடாமல் வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை அவர் விறாந்தையில், இரண்டு விசிறிக்கும் ஒரு மிசினுக்கும் நடுவில் இருந்து, கேர்னலைக் கட்டினார். வேர்வை விசைப்பலகையில் சொட்டியது. கட்டி, ஏற்றி, மிசினை நிப்பாட்டி எழுப்பினார். கடைக்காரர் போன் எடுத்துக் கத்தினார்கள். அவரும் திருப்பிக் கத்தினார். பிறகு அந்தக் கட்டளையைத் தட்டினார்.

ஏழு.

அவர் எழுந்து போய் ஏசி அறைக் கதவைத் தட்டினார்.

“இஞ்சேரும், ஏழு வந்திட்டுது.”

“கதவைத் திறவாதேங்கோ, குளிர் போகும்,” என்று உள்ளேயிருந்து இராசமலரின் குரல் வந்தது. “நல்லது. நீங்கள் கத்திக் கத்திச் சார்ஜ் இறக்கின போன் இஞ்சைதான் கிடக்குது. இப்பதான் ஒண்டு வந்து கிணுங்கினது. எட்டாம் ஒட்டு வந்திட்டுதாம்.”

“எட்டோ?”

“ஓம். எட்டுக்கும் ஒரு பந்தயம் பிடிப்பமோ?”

“என்னத்துக்கு? அறைதான் உம்மட்டை இருக்கே.”

“ஏழு தட்டுக்கு உள்ளுக்கை இடம் காணாது. விறாந்தைக்கு.”

ஆகவே ஐயா, உமக்குத்தான் சொல்வது. உலகம் முழுக்க இருக்கிற ஓட்டைகளையெல்லாம் தேடித் தேடி ஒட்டுகிறீர். இந்த ஒன்றை மட்டும் ஏன் வாய் பிளக்க விட்டு வைத்திருக்கிறீர்? நீர் எழுதிய கட்டளையை எடும். உலகத்தின் எண்ணையும் கேர்னலின் எண்ணையும் ஒரே வரியில், பக்கத்தில் பக்கத்தில், ஒளிக்காமல் சொல்ல வையும். கணக்கு வழக்கு ஒன்றும் கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. திருத்தினால் போதும். ஆனால் கெதியாகத் திருத்தும், எட்டாம் ஒட்டு ஏறுகிறதற்குள் திருத்தும். கதவுக்கு வெளியே நின்ற தேவராசாவுக்குக் கோபம் வந்து, அவர் அந்தப் பந்தயத்துக்கும் “சரி” என்று சொல்லிவிட்டார்.